இணையவழி கவுன்சலரா, அரசு மருத்துவமனையா, பெங்களூரு பஸ்ஸா?

கேள்வி ஏறக்குறைய ஒரே அச்சில் வருகிறது. கேட்பவர் பாலக்கோட்டில் கல்லூரி மாணவியாக இருப்பார். ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு பார்ப்பவராக இருப்பார். பர்கூரில் இரண்டு பிள்ளைகளோடு மல்லுக்கட்டும் தாயாக இருப்பார். சொல்வது ஒன்றுதான்: நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் வருவதில்லை, எதற்கும் லாயக்கில்லை என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. கேட்பதும் ஒன்றுதான்: ஆன்லைனில் கவுன்சலர் என்று விளம்பரம் வருகிறதே, பணம் கட்டலாமா? இல்லை, பெரியாஸ்பத்திரிக்கே போய்விடலாமா?

மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. எதை வைத்து முடிவெடுப்பது என்று மட்டும் சொல்லலாம். இணையவழி கவுன்சலிங்குக்குக் கட்டணத்தைவிடப் பெரிய செலவு ஒன்று இருக்கிறது என்பது என் கணிப்பு. வாரத்துக்கு ஒரு மணி நேரம், வேறு யார் காதிலும் விழாமல் பேசுவதற்கு ஓர் இடம் வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளில் பணத்தைப் புரட்டிவிடலாம், அந்த இடத்தைப் புரட்டுவதுதான் கடினம். அது கிடைப்பவருக்கு இணையவழி நல்ல வழி. கிடைக்காதவர் எவ்வளவு கெட்டிக்கார கவுன்சலரைப் பிடித்தாலும் பாதிப் பணம் வீண்.

ஒப்பீட்டுக்குள் போகும் முன் ஒரு விலக்கு. செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு வந்து போகிறவர்கள் இதையெல்லாம் எடை போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். அரசின் இலவச மனநல உதவி எண்ணான 14416-க்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். சென்னையிலிருந்து 1986 முதல் இயங்கும் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கும் போகலாம். கேஸ் போட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் மருத்துவமனைக்குப் போகாமல் இருக்கும் குடும்பங்கள் இன்னும் உண்டு. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கப்படக் கூடாது என்று மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-இன் 115-ஆம் பிரிவு சொல்கிறது. காதில் குரல் கேட்பவர்கள், நாள்கணக்கில் தூங்காமல் இருப்பவர்கள், குடியை நிறுத்த முடியாதவர்கள் ஆகியோரும் முதலில் பார்க்க வேண்டியது மனநல மருத்துவரைத்தான். இணையவழி கவுன்சலர் அதற்குப் பிறகு.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் தீவிரம். பதற்றத்தை அளக்க ஜிஏடி-7 என்று ஏழு கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்று 2006-இல் வெளியானது. மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். கடந்த இரண்டு வாரங்களில் ஒவ்வொரு தொல்லையும் எத்தனை நாள் இருந்தது என்பதற்கு 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 21. ஐந்திலிருந்து லேசான பதற்றம், பத்திலிருந்து நடுத்தரம், பதினைந்திலிருந்து கடுமையானது. பத்தைத் தொட்டவர் தகுதியுள்ள ஒருவரிடம் முறையாகப் பார்த்துக்கொள்வது நல்லது. இது நோய்க்குப் பெயர் வைக்கும் கருவி இல்லை. எந்தக் கதவைத் தட்டுவது என்று காட்டும், அவ்வளவுதான்.

இதோடு ஒட்டிய இன்னொன்று உடம்பு. படபடப்பு என்றதும் மனம்தான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். தைராய்டு அளவுக்கு மேல் சுரந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை நடுங்கும், தூக்கம் கெடும். ரத்தசோகையிலும் படபடப்பும் மூச்சிரைப்பும் வரும். திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவரால் உங்கள் நாடியைப் பிடித்துப் பார்க்க முடியாது. ஹீமோகுளோபின், தைராய்டு ஆகிய இரண்டு ரத்தப் பரிசோதனைகளையும் முடித்துவிட்டுத்தான் எவருக்கும் பணம் கட்ட வேண்டும். இரவு ஷிப்டில் விழித்திருக்க டீயாகக் குடித்துத் தள்ளுபவர்கள் அந்தக் கணக்கையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

இரண்டாவது, உங்கள் தொல்லை எந்த வகை என்பது. மன அழுத்தம், பதற்றம், தன்மதிப்புக் குறைவு என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறோம். மூன்றுக்கும் வேலை வேறு.

மன அழுத்தத்தின் காரணம் பெரும்பாலும் வெளியே இருக்கும்: கடன், ஷிப்டு, நீட் இரண்டாவது முயற்சி, பங்காளித் தகராறு. தக்காளி அடிமாட்டு விலைக்கு விழுந்த வாரத்தில் பாலக்கோட்டு விவசாயிக்கு வரும் மன அழுத்தத்தை எந்த கவுன்சலராலும் விலையை ஏற்றித் தீர்க்க முடியாது. எதை இன்றே செய்யலாம், எதைத் தள்ளிப்போடலாம் என்று பிரித்துக் காட்ட முடியும். நான்கைந்து உரையாடல்களே அதற்குப் போதும்.

பதற்றம் அப்படியல்ல. ‘பஸ்ஸில் ஏறினால் மூச்சு முட்டும்’, ‘மேனேஜர் கூப்பிட்டாலே வேலை போய்விடும்’ என்று மனம் முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிடுகிறது. அதைக் குறித்துவைத்து, சோதித்துப் பார்த்து, பயப்படும் இடத்துக்குப் படிப்படியாகப் போய்ப் பழகுவதற்கு ஒரு முறை இருக்கிறது. 1960-களில் ஆரோன் பெக் உருவாக்கிய சிந்தனை-நடத்தைச் சிகிச்சை அது, சுருக்கமாக சிபிடி. ஒழுங்கான பாடத்திட்டம் போல நடப்பதால் இணையவழிக்கு நன்றாகவே ஒத்துவருகிறது. லேசான, நடுத்தரப் பதற்றத்தில், வழிகாட்டும் ஆள் ஒருவர் இருந்தால், இணையவழி சிபிடி நேரில் செய்வதற்கு ஏறக்குறைய நிகராகப் பலன் தருவதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

தன்மதிப்புதான் மெதுவாக நகர்வது. ‘நான் கறுப்பு’, ‘நான் தமிழ் மீடியம்’, ‘அண்ணனுக்கு வந்த மூளை எனக்கு வரவில்லை’ என்று பள்ளிப் பருவத்திலிருந்து கேட்டுக் கேட்டு உள்ளே இறங்கிய வார்த்தைகள் நான்கு வாரத்தில் கரையாது. இதற்கு ஒரே ஆள், மாதக்கணக்கில் வேண்டும். வாரத்துக்கு ஒரு புதிய முகத்திடம் முதலிலிருந்து கதையைத் தொடங்க வைக்கும் எந்த ஏற்பாடும் தன்மதிப்புக்கு உதவாது. இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டாலே பாதி விளம்பரங்கள் கழிந்துவிடும்.

மற்ற அளவுகோல்கள் எளியவை. பேசத் தனியிடம் உண்டா? மனம் எந்த மொழியில் ஓடுகிறதோ அந்த மொழியில் பேச முடியுமா? தேன்கனிக்கோட்டை, தளி, ஓசூர்ப் பக்கம் வீட்டுக்குள் தெலுங்கும் கன்னடமும் பேசுபவர்கள் ஏராளம். அவர்களுக்குத் தமிழ் கவுன்சலர்கூட இரண்டாம் மொழிக்காரர்தான். முழுச் செலவு எவ்வளவு? எதிரில் இருப்பவருக்குத் தகுதி உண்டா, தவறு நடந்தால் புகார் சொல்ல ஓர் இடம் உண்டா?

## கட்டணம் செலுத்திப் பார்க்கும் இணையவழி கவுன்சலர்

முதல் அமர்வில் வரலாறு கேட்பார்கள்: தூக்கம், பசி, குடும்பம், முன்பு எடுத்த மருந்துகள். எதை மாற்ற விரும்புகிறீர்கள் என்று கேட்டு இலக்கு குறிப்பார்கள். அடுத்தடுத்த அமர்வுகளுக்கு வீட்டுப்பாடம் உண்டு. பதற்றம் வந்த நேரம், அப்போது ஓடிய நினைப்பு, அதற்கு ஆதாரம் உண்டா என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்வார்கள். வீட்டுப்பாடமே இல்லாமல் வாரம்தோறும் புலம்பலைக் கேட்டு அனுப்புபவர் நல்ல மனிதராக இருக்கலாம். பதற்றத்துக்கு வேலை நடக்கவில்லை என்று அர்த்தம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் கிடைக்கும் பெரிய லாபம் தூரம். உள்ளூரில் ஒருவரிடம் போய் உட்கார்ந்தால் எந்த ஊர், யார் மகன், எந்தத் தெரு என்று ஐந்து நிமிடத்தில் சாதி வரைக்கும் வந்துவிடும். சாதி மறுத்துக் காதலிக்கும் பையனோ பெண்ணோ இங்கே உள்ளூர்க்காரர் ஒருவரிடம் வாய் திறக்கத் தயங்கினால் அதை வீண் பயம் என்று என்னால் சொல்ல முடியாது. கோயம்புத்தூரிலோ மதுரையிலோ இருக்கும் கவுன்சலருக்கு உங்கள் மாமாவைத் தெரியாது, அதுவே போதும். பெண் கவுன்சலர்தான் வேண்டும் என்று கேட்டுப் பெறலாம். இரவு ஒன்பது மணிக்கு நேரம் வாங்கலாம். ஷிப்டு பார்ப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இனி செலவு. 45 அல்லது 50 நிமிட அமர்வுக்குப் பெரும்பாலும் 500 முதல் 2,000 ரூபாய் வரை கேட்கிறார்கள். ஆயிரம் என்று வைத்து, பதற்றத்துக்குப் பத்து அமர்வுகள் என்று போட்டால் பத்தாயிரம். பர்கூரில் தையல் ஆலைக்குப் போகும் பெண்ணுக்கு இது ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். மருத்துவக் காப்பீடு கைகொடுக்கும் என்று நம்ப வேண்டாம். மனநோய்க்கும் மற்ற நோய்களைப் போலவே காப்பீடு தர வேண்டும் என்று 2017 சட்டம் சொன்னாலும், பெரும்பாலான பாலிசிகள் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும். கவுன்சலிங் அதில் வராது. பெங்களூரு நிறுவனங்களில் வேலை பார்த்துக்கொண்டு ஊரிலிருந்து மடிக்கணினியில் உழைப்பவர்கள் மட்டும் மனிதவளப் பிரிவில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். ஊழியர் நலத் திட்டத்தில் சில அமர்வுகளை இலவசமாகத் தரும் நிறுவனங்கள் பல. அந்தத் திட்டத்தைப் பற்றிய மின்னஞ்சலைப் படிக்காமலே அழித்தவர்கள்தான் அதிகம்.

கண்ணில் படாத செலவுகள் வேறு. சந்தா முறையில் சேர்த்துவிட்டு யுபிஐ ஆட்டோபே-யை நிறுத்த மறந்தால் மாதாமாதம் பிடித்துக்கொண்டே இருக்கும். கடைசி நேரத்தில் வர முடியவில்லை என்றால் முழுக் கட்டணமும் போகலாம். பணம் போன குறுஞ்செய்தி அப்பாவின் எண்ணுக்கோ கணவரின் எண்ணுக்கோ போகும் கணக்காக இருந்தால், கவுன்சலர் காத்த ரகசியத்தை வங்கியே வெளியே சொல்லிவிடும். தகவல் பாதுகாப்பும் அப்படித்தான். பெட்டர்ஹெல்ப் என்ற பெரிய நிறுவனம் பயனர்களின் மனநலத் தகவல்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றோடு பகிர்ந்ததாகக் குற்றம்சாட்டி, 2023-இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 78 லட்சம் டாலர் கட்ட வைத்தது. பெரிய பெயர் என்பது காவல் ஆகாது.

தனியிடத்துக்கு வருகிறேன். முன்கூடம், ஓர் அறை, சமையலறை, நடுவில் ஓடும் டிவி என்பதுதான் பல வீடுகள். கதவைத் தாழிட்டால் ஐந்தாவது நிமிடம் யாராவது தட்டுவார்கள். மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டியவள், மாமியார் சுவருக்கு அந்தப் பக்கம் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது என்ன சொல்வாள்? ‘ம்’, ‘ஆமாம்’, ‘பரவாயில்லை’ என்று 45 நிமிடங்களை ஓட்டுவாள். எதிரில் இருப்பவருக்கோ இவள் மனம் திறக்காதவள் என்று தோன்றும். இரண்டு பேரும் நல்லவர்கள், அமர்வு மட்டும் வீண்.

வழியே இல்லை என்று சொல்லவில்லை. வீடியோவைக் கைவிட்டுக் குரல் அழைப்பு கேளுங்கள். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு ஏரிக்கரையிலோ மாந்தோப்பிலோ நடந்தபடி பேசும் ஆண்கள் இதைச் சுலபமாகச் சமாளித்துவிடுகிறார்கள். பெண்களுக்கு அந்தி நேரத்து ஏரிக்கரை அவ்வளவு சுலபம் இல்லை. கல்லூரியில் வகுப்பு இல்லாத மணி நேரம், தோழியின் வீடு, பிள்ளைகள் பள்ளிக்கும் மற்றவர்கள் காட்டுக்கும் போன பதினோரு மணி என்று தேட வேண்டும். அதுவும் இல்லை என்றால் எழுத்துவழி உரையாடல். வேகம் குறைவு, குரலின் நடுக்கம் அவருக்குப் போய்ச் சேராது. ஆனால் சுவருக்குக் கேட்காது. அஞ்செட்டி, பென்னாகரம் பக்கத்து மலைக் கிராமங்களில் இருப்பவர்கள் சிக்னல் நிற்கும் இடத்தை முதலில் கண்டுபிடித்துக்கொண்டு பிறகு நேரம் வாங்கட்டும். அழத் தொடங்கும் நேரத்தில் அழைப்பு அறுந்து போவது ரொம்பக் கொடுமை.

இன்னொரு இடறல், மாநகர அடுக்குமாடியிலிருந்து வரும் அறிவுரை. ‘கொஞ்ச நாள் தனியாகத் தங்கிப் பாருங்கள்’ என்பார்கள். மாட்டுக்குத் தீவனம் வைத்துவிட்டு, நாத்தனார் வருவதற்குள் பேசி முடிக்க வேண்டும் என்று உட்கார்ந்திருப்பவளுக்கு அதை வைத்து என்ன செய்வது என்று தெரியாது. கூட்டுக் குடும்பங்களோடு வேலை செய்த அனுபவம் உண்டா என்று முதல் அழைப்பிலேயே கேட்டுவிடலாம்.

தகுதி விஷயத்தில் கறாராக இருங்கள். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர், மருந்து எழுதலாம். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுத மாட்டார், ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் அவருக்கு இருக்க வேண்டும், அந்த எண்ணைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். ‘கவுன்சலர்’ என்ற பலகையை மட்டும் நடைமுறையில் யாரும் மாட்டிக்கொள்ளலாம். உளவியலில் முதுகலை முடித்து மேற்பார்வையில் பயிற்சி பெற்றவரும் கவுன்சலர்தான், வாரக் கடைசியில் சான்றிதழ் வாங்கியவரும் கவுன்சலர்தான். பதிவு பெற்றவர்மீது புகார் சொல்ல ஓர் இடம் இருக்கிறது. மற்றவர்கள் விஷயத்தில் அவரவர் நேர்மையைத்தான் நம்ப வேண்டும்.

## அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி 2008-இல் தொடங்கியது. கிருஷ்ணகிரிக்கு 2022 ஜனவரியில் கல்லூரி திறக்கப்பட்டது. ஆக, இரண்டு மாவட்டத் தலைநகரங்களிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சீட்டுக்குப் பணம் இல்லை, ரத்தப் பரிசோதனைக்குப் பணம் இல்லை, மாத்திரைக்கும் பணம் இல்லை. உடம்பா மனமா என்ற குழப்பம் ஒரே கட்டடத்தில் தீரும். தைராய்டு விஷயத்தை மேலே அவ்வளவு அழுத்திச் சொன்னதே இதற்காகத்தான். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் தாலுகா அளவில் சில நாட்களில் மனநல மருத்துவர் வந்து பார்ப்பதும் உண்டு. உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் எந்தக் கிழமை என்று விசாரித்துக்கொண்டு போனால் தலைநகர் வரை அலைய வேண்டாம்.

குறையும் தெரிந்ததுதான். காலை வேளையில்தான் பார்ப்பார்கள், கூட்டம் இருக்கும், மருத்துவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அந்த நிமிடங்களில் மருந்து எழுதலாம். தன்மதிப்பைப் பற்றிப் பேச முடியாது. அடுத்த முறை வேறொரு மருத்துவர் இருப்பார். கூலி வேலைக்குப் போகிறவருக்கு அரை நாள் சம்பளம் போகும், அரூரிலிருந்தோ ஊத்தங்கரையிலிருந்தோ வந்தால் ஒரு நாள். வரிசையில் நிற்கும்போது சொந்தக்காரர் கண்ணில் படும் பயம் வேறு. மருந்துச் சீட்டை மட்டும் வைத்து ‘மெண்டல் ஆஸ்பத்திரிக்குப் போனான்’ என்று ஊர் பேசிவிடும் என்று அஞ்சுகிறவர்களிடம், அதே கட்டடத்தில் சர்க்கரைக்கும் கால்வலிக்கும் நிற்பவர்கள்தான் அதிகம் என்று சொல்லிப் பார்க்கலாம்.

மருந்து என்றாலே பின்வாங்குபவர்களுக்கு ஒன்று. பதற்றத்துக்கு நீண்ட நாள் தரும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைகள் முழுப் பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும்; அவை அடிமையாக்கும் தூக்க மாத்திரைகள் அல்ல. சட்டென்று அமைதி தரும் அல்பிரசோலம், குளோனாசெபாம் வகைதான் பழக்கமாகிவிடக்கூடியது. அதைச் சீட்டில்லாமல் கேட்டு வாங்கும் வழக்கம் அரசு மருத்துவமனை வரிசையைவிடப் பல மடங்கு ஆபத்தானது.

கடுமையான பதற்றம், வேலைக்கோ கல்லூரிக்கோ போகவே முடியாத நிலை, சாப்பாடும் தூக்கமும் கெட்ட நிலை, பணம் இல்லாத நிலை: இந்த நான்கில் எது இருந்தாலும் முதல் படி இதுதான்.

## 14416

ஒன்றிய அரசின் டெலி-மானஸ் சேவை 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் நடக்கிறது. 24 மணி நேரமும் இலவசம். 20 மொழிகளில் பேசலாம் என்பதால் தளிக்காரருக்குக் கன்னடமும் தெலுங்கும் கிடைக்கும். முதலில் பேசுபவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கு இணைப்பார்.

தேர்வு முடிவு வந்த இரவு, சண்டை நடந்த இரவு, காரணமே தெரியாமல் மூச்சு முட்டும் இரவு: இந்த நேரங்களில் இதற்கு நிகர் வேறில்லை. பத்து வாரம் நடத்த வேண்டிய வேலைக்கு இது போதாது. அடுத்த முறை அழைக்கும்போது அதே குரல் எடுக்கும் என்ற உறுதி இல்லை. ஆனாலும் கவுன்சலிங் என்றால் எப்படி இருக்கும் என்று தெரியாமல் பயப்படுபவருக்கு, பைசா செலவில்லாமல் பழகிப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. நான் யாரிடமும் முதலில் சொல்வது இந்த எண்ணைத்தான்.

## பஸ் ஏறி நேரில் போவது: சேலம், பெங்களூரு

தருமபுரியிலிருந்து சேலம் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு ஏறக்குறைய 90 கிலோமீட்டர். ரயில் இல்லாத ஊர் என்பதால் பஸ்தான். ஓசூர்க்காரருக்கு பெங்களூரு 40 கிலோமீட்டர் என்றாலும் சில்க் போர்டு நெரிசலைக் கணக்கில் சேர்க்க வேண்டும். நாட்டின் முதன்மையான மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் பெங்களூருவின் ஓசூர் சாலையிலேயே இருப்பது நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம். சிக்கலான நோய், பல மருத்துவர்களிடம் போயும் பிடிபடாத நோய் என்றால் நிம்ஹான்ஸ்தான். லேசான பதற்றத்துக்கு அங்கே விடியற்காலையில் போய் வரிசையில் நிற்பது தேவையில்லாத அலைச்சல்.

தனியார் உளவியலாளரை நேரில் பார்ப்பதன் பலம் அறை. கதவு மூடிய அறை, யாரும் தட்ட மாட்டார்கள். வீட்டில் தனியிடமே கிடைக்காதவர், வாரம் ஒருமுறை வெளியே போகக் காரணம் சொல்லக்கூடியவர் என்றால், இணையவழியைவிட இது மேல். கட்டணம் இணையவழிக்குக் குறையாது. அதோடு பஸ், சாப்பாடு, ஒரு நாள் விடுப்பு. மூன்றாவது வாரத்தில் ‘இந்த வாரம் போகவில்லை’ என்று விடுபட்டுப் போவதுதான் இதன் பெரிய நோய். வாரக் கடைசியில் பெங்களூரிலிருந்து ஊருக்கு வந்து போகிறவர்களுக்கு அந்தத் தடை இல்லை. அவர்கள் அங்கேயே நேரில் பார்ப்பது நல்லது.

## செயலிகள், சாட்பாட்கள்

மூச்சுப் பயிற்சிக்கும் தூக்கக் குறிப்புக்கும் சரி. நள்ளிரவில் செயற்கை நுண்ணறிவுச் செயலியோடு பேசி ஆறுதல் பெறுபவர்களைக் குறை சொல்லவில்லை. நீங்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டும் ஒன்று, உங்களைப் பயப்படும் பஸ்ஸில் ஏற வைக்காது. ஆபத்து நேரத்தில் அதை நம்பவும் முடியாது.

## ஒரே பார்வையில்

| | இணையவழி கவுன்சலர் | அரசு மருத்துவமனை | 14416 | நேரில், சேலம் / பெங்களூரு |
|---|---|---|---|---|
| கட்டணம் | அமர்வுக்குப் பெரும்பாலும் 500–2,000 ரூபாய் | இலவசம் | இலவசம் | இணையவழிக்குக் குறையாது; அரசு நிறுவனத்தில் குறைவு |
| மறைந்திருக்கும் செலவு | ஆட்டோபே, தவறிய அமர்வு, தனியிடம் | அரை நாள் முதல் ஒரு நாள் கூலி | ஒவ்வொரு முறையும் கதையை முதலிலிருந்து சொல்வது | பஸ், விடுப்பு, அலுப்பு |
| ரகசியம் | ஊருக்குத் தெரியாது, வீட்டுக்குத் தெரியலாம் | வீட்டுக்கு மறைக்கலாம், ஊர் பார்க்கலாம் | பெயர் சொல்லாமலும் பேசலாம் | இரண்டிலும் நல்லது |
| ஒரே ஆள் தொடர்வது | உண்டு, கேட்டு உறுதி செய்தால் | அரிது | இல்லை | உண்டு |
| மருந்து | கவுன்சலர் எழுத முடியாது | உண்டு | மருத்துவருக்கு இணைப்பு உண்டு | மனநல மருத்துவரானால் உண்டு |
| மன அழுத்தம் | நன்று | பரவாயில்லை | மிக நன்று | தேவைக்கு மேல் |
| பதற்றம் | லேசு, நடுத்தரத்துக்கு மிக நன்று | கடுமையானதற்கு முதலிடம் | அவசர நேரத்துக்கு | நன்று |
| தன்மதிப்பு | நன்று | ஒத்துவராது | ஒத்துவராது | மிக நன்று |

## அப்படியென்றால் எதை எடுப்பது

ஒன்றை எடுத்தால் மற்றதை விட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ரத்தப் பரிசோதனையையும் தேவைப்பட்டால் மருந்தையும் அரசு மருத்துவமனையில் வாங்கிக்கொண்டு, பேச்சுக்கு இணையவழி கவுன்சலரை வைத்துக்கொள்வதுதான் இந்த இரு மாவட்டங்களில் நடுத்தர வருமானக்காரருக்குக் கட்டுப்படியாகும் ஏற்பாடு என்பேன். இருவருக்கும் மற்றவரைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கோயிலுக்குப் போவதையோ தர்காவில் மந்திரிப்பதையோ இதற்காக நிறுத்த வேண்டியதில்லை. சிகிச்சையை நிறுத்தச் சொல்லும் சாமியாரைத்தான் நிறுத்த வேண்டும்.

பாலக்கோட்டு மாணவிக்கு முதலில் 14416. அதில் பேசிப் பழகிய பிறகு, கல்லூரியில் தனியாக ஒரு மணி நேரம் கிடைத்தால், மாதம் இரண்டு அமர்வாக இணையவழி. ஓசூர் ஷிப்டுக்காரர் ஜிஏடி-7-இல் பத்தைத் தாண்டியிருந்தால் ஒரு விடுமுறை நாளை மருத்துவருக்கு ஒதுக்கட்டும், பிறகு இரவு நேர இணையவழி அமர்வு. பர்கூர்த் தாயின் வீட்டில் கதவு மூடும் அறை இல்லை, பணமும் குறைவு. அவருக்கு நான் இணையவழியைப் பரிந்துரைக்க மாட்டேன். பிள்ளைகளின் தடுப்பூசிக்கோ வேறு எதற்கோ அரசு மருத்துவமனைக்குப் போகும் நாளில் மனநலப் பிரிவையும் பார்த்துவிட்டு வரட்டும்; இடையில் கைக்கு 14416 இருக்கிறது.

இணையவழிதான் என்று முடிவு செய்தவர்கள் பணம் அனுப்பும் முன் சில கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். படிப்பு என்ன, பதிவு எண் உண்டா? எந்த முறையில் வேலை செய்வீர்கள், வீட்டுப்பாடம் உண்டா? ஒவ்வொரு முறையும் நீங்களேதான் பேசுவீர்களா? அழைப்பு பதிவு செய்யப்படுமா, குறிப்புகளை யார் பார்ப்பார்கள்? நடுவில் சிக்னல் போனால் என்ன ஏற்பாடு? எந்தச் சூழ்நிலையில் ரகசியத்தை உடைத்து வீட்டுக்குத் தகவல் சொல்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு ‘ஒருபோதும் சொல்ல மாட்டேன்’ என்பவரைவிட, ‘உயிருக்கு ஆபத்து என்றால் சொல்வேன்’ என்பவர்தான் தொழில் தெரிந்தவர்.

முதல் அமர்வுக்கு மட்டும் பணம் கட்டுங்கள். பத்து அமர்வுக்குச் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்றால், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி வையுங்கள். நான்காவது அமர்வு முடிந்ததும் ஜிஏடி-7-ஐ மறுபடியும் போட்டுப் பாருங்கள். எண் இறங்கவே இல்லை என்றால் சொல்லாமல் நின்றுவிடாமல் அதை அவரிடமே சொல்லுங்கள். தொழில் தெரிந்தவர் முறையை மாற்றுவார், அல்லது இன்னொருவரிடம் அனுப்புவார். முகம் சுளித்தால் அடுத்த அமர்வுக்கு நேரம் வாங்க வேண்டாம்.